மறுசுழற்சி: எதைப் பிரித்தால் பலன், எதைப் பிரித்தால் வீண்

மறுசுழற்சியால் பலன் உண்டா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. விடை பொருளுக்குப் பொருள் மாறுகிறது. அலுமினிய டப்பாவைப் பொறுத்தவரை ஐயமின்றிப் பலன் உண்டு. நொறுக்குத்தீனி உறையைப் பொறுத்தவரை பெரும்பாலும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே அக்கறையோடு கழுவி அடுக்குவதைவிட, எந்தப் பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்து, அதற்கேற்ப உழைப்பைச் செலவிடுவதே முறை.

கலந்து சேகரிக்கப்பட்டவை பிரிப்பு நிலையத்தில் ஓடும் பட்டையின் மேல் கொட்டப்படுகின்றன. முதலில் பணியாளர்கள் பெரிய வேண்டாத பொருட்களைக் கையால் அகற்றுகிறார்கள். பிறகு சல்லடைகள் அளவுவாரியாகப் பிரிக்கின்றன. இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுழலும் காந்தங்களால் உலோகத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கும் சுழல் மின்னோட்டக் கருவி அலுமினியத்தைத் தள்ளிவிடுகிறது. பிளாஸ்டிக் வகைகளை அகச்சிவப்பு ஒளி அடையாளம் காண்கிறது. இந்த வரிசையை மனத்தில் கொண்டால் வீட்டில் செய்ய வேண்டியவை தாமே விளங்கும். பிளாஸ்டிக் பைகள் சுழலும் சல்லடைகளில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடும் என்பதால், பொருட்களைப் பையில் கட்டிப் போடக் கூடாது. கரித்தூள் கலந்த கறுப்பு பிளாஸ்டிக், அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், பெரும்பாலும் கருவியின் கண்ணில் படாமலே குப்பைக்குப் போய்விடுகிறது. அலுமினியத் தாளின் சிறு துண்டுகள் சல்லடையில் விழுந்துவிடும். அவற்றைச் சேர்த்துவைத்து, கைப்பிடி அளவு உருண்டையானதும் போடுவது நல்லது.

முதலில் கவனிக்க வேண்டியது உலோகம். பாக்சைட் தாதுவை வெட்டியெடுத்து மின்னாற்பகுப்பால் அலுமினியம் செய்வதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். எத்தனை முறை உருக்கினாலும் உலோகத்தின் தன்மை கெடுவதில்லை. ஒன்றை மட்டுமே பிரிக்க நேரமிருக்கிறது என்றால் அது உலோகமாகவே இருக்கட்டும்.

தாளும் பலன் தருவதே. ஆனால் கூழாகும் ஒவ்வொரு முறையும் இழைகள் குறுகுவதால், ஐந்தாறு சுற்றுகளுக்குப் பிறகு அவை பயன்படாமல் போகின்றன. எண்ணெய் ஊறிய அட்டையைத் தாளோடு சேர்க்கக் கூடாது. பளபளப்பான தாளின் ஓரத்தைக் கிழித்துப் பார்க்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டு வந்தால் அது தாள் கணக்கில் சேராது. கண்ணாடியை முடிவின்றி உருக்கலாம் என்றாலும், உடைந்த கண்ணாடியை 10 விழுக்காடு சேர்த்தால் உலையில் மிச்சமாகும் ஆற்றல் 2 முதல் 3 விழுக்காடே. கனமான பொருள் என்பதால், தொலைதூரம் ஏற்றிச் சென்றால் அந்த மிச்சத்திலும் ஒரு பங்கு கரைந்துவிடும். கண்ணாடி பாட்டிலை அப்படியே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதே மேல்.

சிக்கல் முழுவதும் பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. 1950க்கும் 2015க்கும் இடையே உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சிக்குச் சென்றதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அடிப்பகுதியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பலர் உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. 1 என்பது குடிநீர் பாட்டில்கள் செய்யப்படும் பெட் (PET) என்னும் பிளாஸ்டிக், 2 என்பது ஷாம்பு பாட்டில் போன்றவற்றின் கெட்டியான பாலிஎத்திலீன். இவ்விரண்டுக்கும் வாங்குவோர் உண்டு. பாலிபுரொப்பிலீனான 5க்குச் சில இடங்களில் மட்டும் உண்டு. மற்றவற்றுக்கு அரிது. பெட் பாட்டிலைத் துண்டுகளாக்கி நீர்த்தொட்டியில் போட்டால் பெட் மூழ்கும், மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும். இவ்வளவு எளிதாகப் பிரிவதால்தான் அது விலைபோகிறது. ஆனால் 3ஆம் எண்ணுடைய பி.வி.சி. சிறிதளவு கலந்தாலும், சூட்டில் அமிலம் வெளியேறி உருகிய பெட் முழுவதையும் பாழாக்கும். நொறுக்குத்தீனி உறையைக் கசக்கிப் பார்த்தால் அது மீண்டும் விரியும். அது உலோகம் பூசிய பிளாஸ்டிக், அலுமினியத் தாள் அன்று. ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்கும் செலவு பொருளின் மதிப்பை மீறுவதால், அதைக் குப்பையில் போடுவதே நேர்மையான செயல். ஆகும் என்ற நம்பிக்கையில் ஆகாததைச் சேர்ப்பது, நல்ல சரக்கையும் சேர்த்துக் கெடுக்கும். 2018இல் சீனா வீட்டு பிளாஸ்டிக் கழிவின் இறக்குமதியைத் தடைசெய்து, கழிவுத் தாளில் பிற பொருட்களுக்கு 0.5 விழுக்காடு என வரம்பு வைத்தபோது, அழுக்குச் சரக்கை அங்கே அனுப்பிவந்த நாடுகள் திண்டாடின.

கழுவுவதிலும் அளவு தேவை. பாத்திரம் கழுவிய நீரில் ஒருமுறை அலசி வடித்தாலே போதும். இதற்கென்று வெந்நீர் வைப்பது மிச்சமாகும் ஆற்றலைத் தின்றுவிடும். லித்தியம் பேட்டரியை மட்டும் எந்தத் தொட்டியிலும் கலக்கக் கூடாது. வண்டியிலோ பட்டையிலோ நசுங்கினால் தீப்பற்றும். அதன் முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிகளுக்கென உள்ள சேகரிப்பு மையத்தில் தனியே கொடுக்க வேண்டும்.