ஸ்பிளிட் ஏசிக்கு கேஸ் ஏற்றுவது எப்படி? கேஜை விடத் தராசை நம்புங்கள்

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "கேஸ் தீர்ந்திருக்கும்" என்பதுதான். ஆனால் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது குறைந்திருந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் டாப்-அப் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்த வேலையைச் செய்யப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். ஏசியில் ஓடும் கேஸ் வகைகளில் ஒன்றான ஆர்-32 (ஆர்-410ஏ, ஆர்-22 ஆகியவை மற்ற வகைகள்) சுமார் மைனஸ் 52 டிகிரியில் கொதிக்கும் பொருள். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்துவிடும். லேசாகத் தீப்பற்றும் குணமும் உண்டு. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். முதல் சில தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கேஸ்தான் குறைவா?

ஃபில்டரைக் கழுவுங்கள், அவுட்டோர் காயிலில் படிந்த தூசியைத் தட்டுங்கள், இரண்டு ஃபேனும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் கூலிங் மோடில் கால் மணி நேரம் ஓடவிட்டு அவுட்டோர் வால்வுப் பக்கம் போங்கள். மெல்லிய குழாயில் மட்டும் பனி பிடித்து, தடித்த குழாய் குளிராமல் இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். தடித்த குழாயிலும் பனி என்றால் பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் கோளாறு. கற்றுக்கொண்ட புதிதில் இதைப் பார்க்காமல், ஃபில்டர் அடைத்திருந்த மெஷினுக்குக் கேஸ் ஏற்றினேன். கம்ப்ரசர் உறும ஆரம்பித்தது. ஏற்றியதை முழுக்கத் திரும்ப எடுத்த பிறகுதான் ஃபில்டரைத் திறந்தே பார்த்தேன்.

லீக்கைப் பிடித்தல்

மிச்சக் கேஸை ரெகவரி மெஷின் வைத்துக் காலி சிலிண்டருக்கு எடுங்கள். காற்றில் திறந்துவிட வேண்டாம். ஆர்-410ஏ ஒரு கிலோ வெளியேறினால், புவியைச் சூடாக்குவதில் அது 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்.

காலியானதும் ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜன் ஏற்றுங்கள். 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வைத்தாலே பெரும்பாலான லீக் காட்டிக்கொடுத்துவிடும். அவுட்டோரில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டில் உள்ள உச்ச அழுத்தத்தை மட்டும் தாண்டக்கூடாது. நைட்ரஜன் இல்லையே என்று ஆக்ஸிஜனைத் தொட்டுவிடாதீர்கள். கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இனி சோப்புத் தண்ணீர். முதலில் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு ஒட்டியிருக்கும் இடம் இருந்தால் அங்கே இன்னும் தாராளமாக. பெரிய லீக் புஸ்ஸென்று நுரை தள்ளும். சின்னது அப்படியில்லை. ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு நட்டின் ஓரத்தில் கடுகளவில் வெள்ளை நுரை கூடு கட்டும். அவசரப்பட்டால் அதைத் தவறவிடுவீர்கள்.

வேக்குவம்

லீக்கைச் சரிசெய்து நைட்ரஜனை வெளியேற்றியதும் வேக்குவம் பம்ப். பலரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது இதைத்தான். காற்றை இழுப்பது பாதி வேலைதான். குழாய்க்குள் உள்ள ஈரம் போக வேண்டும். அழுத்தம் நன்றாக இறங்கினால்தான் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். ஈரம் மிஞ்சினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை அரிக்கும். வேக்குவம் கேஜில் 500 மைக்ரானுக்குக் (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். அளவு ஏறிக்கொண்டே போனால் லீக்கோ ஈரமோ இன்னும் இருக்கிறது.

புது ஏசி என்றால் இதோடு கிட்டத்தட்ட வேலை முடிந்தது. கேஸ் அவுட்டோருக்குள்ளேயே வரும். அலன் கீயால் மெல்லிய குழாய் வால்வை முதலில், தடித்ததை அடுத்து, முழுக்கத் திறந்தால் போதும். குழாய் நீளம் மேனுவலில் சொன்னதைத் தாண்டினால் மட்டும், மீட்டருக்கு எத்தனை கிராம் என்று அதிலேயே இருக்கும் கணக்குப்படி சேர்க்க வேண்டும்.

கேஸ் ஏற்றுதல்

நேம் பிளேட்டைப் படியுங்கள். எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்று அதில் இருக்கும். 0.80 கிலோ என்றால் 800 கிராம்தான். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஒரு கேஸ் ஓடிய மெஷினில் வேறு கேஸ் ஏற்றவே கூடாது.

சிலிண்டரைத் தராசில் வைத்து, மேனிஃபோல்ட் கேஜின் (ஏசியையும் சிலிண்டரையும் ஹோஸால் இணைக்கும், வால்வுகள் உள்ள அழுத்தமானி) மஞ்சள் ஹோஸை மாட்டுங்கள். ஹோஸில் உள்ள காற்றை ஒரு நொடி வெளியே விட்டு, அதன் பிறகு தராசைப் பூஜ்யமாக்குங்கள். ஆர்-410ஏ இரண்டு கேஸ் கலந்தது. கலவை மாறாமல் இருக்கத் திரவமாகத்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியா கவிழ்த்தா என்பதற்கு அதன் மேலேயே அம்புக்குறி இருக்கும்.

மெஷின் ஓடாத நிலையில் கேஜின் நீல வால்வைத் (குறைந்த அழுத்தப் பக்கம்) திறந்தால் வேக்குவமே கொஞ்சம் கேஸை இழுத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் வால்வை மூடி, ரிமோட்டில் கூல் மோட், 16 டிகிரி வையுங்கள். கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் ஆகலாம்; பயப்பட வேண்டாம். மிச்சத்தை நீல வால்வை லேசாகத் திறந்து மூடி, திறந்து மூடி விடுங்கள். திரவம் மொத்தமாகப் பாய்ந்தால் கம்ப்ரசர் போச்சு. கண் தராசிலேயே இருக்கட்டும்.

ஓடவிட்டுப் பார்த்தல்

கால் மணி நேரம் கழித்து கேஜைப் பார்க்கலாம். சாதாரண மெஷினில் நீலப் பக்கம் ஆர்-22 என்றால் 60 முதல் 70 பிஎஸ்ஐ, ஆர்-410ஏ என்றால் 110 முதல் 130 வரை காட்டும். வெயிலைப் பொறுத்து மாறும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகமே மாறிக்கொண்டிருப்பதால் இந்த எண்ணை வைத்துக் கேஸ் அளவைச் சொல்ல முடியாது. அதனால்தான் தராசு என்கிறேன். இண்டோருக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி.

சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸைச் சட்டென்று கழற்றி, வால்வு மூடிகளை இறுக்கிப் போடுங்கள். ஹோஸ் மாட்டியிருந்த போர்ட்டிலும் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கேஸின் பெயர், ஏற்றிய கிராம், தேதி மூன்றையும் ஸ்டிக்கரில் எழுதி அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்.