டான்ஸ்ஹால் கேட்கப் போகிறீர்களா? பாடகரை விடுங்கள், ரிடிமைப் பிடியுங்கள்

டான்ஸ்ஹால் என்பது ஜமைக்காவில் பிறந்த ஆட்டப்பாட்டு இசை. ‘சிறந்த 50 டான்ஸ்ஹால் பாட்டுகள்’ மாதிரி ஒரு பட்டியலை ஓடவிட்டு, பத்தாவது பாட்டிலேயே “என்னய்யா இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று மூடி வைத்தவர்களில் நானும் உண்டு. பின்னால்தான் தெரிந்தது, அதில் சிலவற்றுக்குப் பின்னணி இசை உண்மையிலேயே ஒன்றுதான். ஜமைக்காவில் ஒரு தயாரிப்பாளர் டிரம்ஸும் பேஸும் சேர்த்து ஒரு அடித்தளம் போடுவார். அதுதான் ரிடிம். அதற்குத் தனியாகப் பெயரும் உண்டு. அதன்மேல் பல பேர் ஆளுக்கொரு பாட்டைப் பாடிப் பதிவு செய்வார்கள். மெட்டும் வரிகளும் அவரவருடையது, அடித்தளம் மட்டும் பொது.

படி 1: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் காணாமல் போய்விடும், அது போனால் பாதிப் பாட்டு போச்சு. சுமாரான ஹெட்போன் போதும்.

படி 2: ‘திவாலி ரிடிம்’ என்று தேடுங்கள். ஆமாம், நம்ம தீபாவளிதான். லெங்கி மார்ஸ்டன் என்ற ஜமைக்காக்காரர் போட்டது. முதலில் ஷான் பாலின் ‘கெட் பிஸி’, 2003இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அது முடிந்த கையோடு வெய்ன் வொண்டரின் ‘நோ லெட்டிங் கோ’, அப்புறம் லுமிடியின் ‘நெவர் லீவ் யூ’. பாடுகிறவரை மறந்துவிட்டுப் பின்னால் விழும் கைதட்டலை மட்டும் கவனியுங்கள், நேராக விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். ஒன்று ஆட்டம் போடவைக்கிற பாட்டு, இன்னொன்று உருகுகிற காதல் பாட்டு, கைதட்டல் மட்டும் அதேதான். இது காதில் பிடிபட்டுவிட்டால் மீதி சுலபம்.

படி 3: பின்னோக்கிப் போங்கள். ‘ஸ்டாலாக்’ ரிடிம் 1973இல் வெறும் வாத்திய இசையாக வந்தது. ஒன்பது வருஷம் கழித்து அதன்மேல் சிஸ்டர் நான்சி ‘பாம் பாம்’ பாடினார், 1985இல் டெனர் சா ‘ரிங் தி அலாரம்’ பாடினார். என்னிடம் ஒரே ஒரு பாட்டு சொல் என்றால் ‘பாம் பாம்’தான் சொல்வேன்.

அதே 1985இல்தான் வெய்ன் ஸ்மித்தின் ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’. கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் கம்பெனியே போட்டு அனுப்பிய ‘ராக்’ தாளத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, தயாரிப்பாளர் கிங் ஜாம்மி வெளியிட்டது. வாத்தியக்காரர்களே இல்லாமல் ஹிட் கொடுக்கலாம் என்று ஆனதும் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டூடியோக்களின் சத்தமே மாறிப்போனது.

படி 4: பழைய ரசிகர்களுக்கும் சேர்த்து. ‘பிளேகிரவுண்ட்’ ரிடிமில் பீனி மேனின் ‘ஹூ ஆம் ஐ’ எல்லோரும் கேட்டதுதான். அதே ரிடிமில் ஷான் பாலின் ‘இன்ஃபில்ட்ரேட்’ கேட்டிருக்கிறீர்களா? சூப்பர் கேட்டின் ‘கெட்டோ ரெட் ஹாட்’டையும் விட்டுவிடாதீர்கள், தகப்பன் வழியில் இந்திய வம்சாவளிக்காரர் அவர். புதுசு வேண்டுமானால் பாப்கான், ஸ்பைஸ், ஷென்சியா.

வரிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜமைக்காக்காரர்கள் பேசும் பாட்வா மொழி முதலில் புரியாது, பரவாயில்லை. ஆனால் புரியும்போது சிலது முகம் சுளிக்க வைக்கும்: பச்சையான பேச்சு, துப்பாக்கி, தொண்ணூறுகளின் சில பாட்டுகளில் ஓரினச்சேர்க்கையாளர்கள் மீதான வெறுப்பு. அப்படிப்பட்டவற்றை நான் தாண்டிவிடுவேன்.

படி 5: கடைசியாக, ஜமைக்காவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்து நடக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ ஆட்டங்களின் பழைய பதிவு ஒன்றைக் கேளுங்கள். அங்கே டீஜே என்றால் மைக்கில் பாடுகிறவர், இசைத்தட்டு போடுகிறவர் செலக்டர். கூட்டம் கத்த ஆரம்பித்தால் செலக்டர் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடுவார், சில சமயம் இருபது நொடிக்குள்ளேயே. முதல் தடவை இதைக் கேட்டபோது நெட் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன்.