மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்க்கப் போறீங்களா, மொதல்ல இலைய பாருங்க

வள்ளலார் அவ்ளோ உசத்தியா சொன்ன கீரையாச்சேன்னு ஆசையா ஒரு நர்சரில மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டு வாங்கினேன், ஒரு வருஷம் தண்ணி ஊத்தி வளர்த்தப்புறம்தான் அது வேற செடின்னு தெரிஞ்சுது. நிறைய வீட்டுல இதான் நடக்குது.

பூவ வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டுமே சூரியகாந்தி குடும்பம், ரெண்டும் குட்டி சூரியகாந்தி மாதிரி மஞ்சளாத்தான் பூக்கும். நம்ம ஊர் செடிக்கு இலை ஒடுக்கமா நீளமா இருக்கும், காம்பே இல்லாத மாதிரி தண்டோட ஒட்டி நிக்கும், ஓரத்துல பல்லு லேசாத்தான் தெரியும், விரலால தடவுனா சொரசொரன்னு இருக்கும். இன்னொண்ணு மெக்சிகோ, கரீபியன் பக்கத்துலேர்ந்து வந்தது, இலை அகலமா பளபளன்னு, ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு மூணா பிரிஞ்சு இருக்கும். புல்லுக்கு பதிலா தரையில பரப்பி விடுறாங்களே, அது பெரும்பாலும் இதான். உலகத்தோட மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் லிஸ்ட்லயே இது இருக்கு. சந்தேகம் இருந்தா சமைக்கவே சமைக்காதீங்க.

சரியான செடி கெடைச்சிட்டா மீதி ஈசி. வெதைக்கு அலைய வேணாம், முத்தின தண்டுல ஒரு சாண் அளவு, மூணு நாலு கணு வர்ற மாதிரி கட் பண்ணுங்க, கீழ் இலைய கிள்ளிட்டு ரெண்டு கணுவ மண்ணுக்குள்ள படுக்க வச்ச மாதிரி புதைங்க, ஏன்னா வேர் கணுவுலேர்ந்துதான் வரும். இது படர்ற செடி, அதனால ஆழமான தொட்டிய விட அகலமான தொட்டிதான் நல்லது. வாய்க்கா ஓரம், வயல் வரப்புன்னு ஈரத்துலயே வளர்ந்த செடி, மண்ணு காயவே விடாதீங்க, ஆனா தொட்டி அடியில ஓட்டை கண்டிப்பா இருக்கணும். புது இலை வர்ற வரைக்கும் நிழல்ல வச்சுட்டு அப்புறம் காலை வெயில் படுற எடத்துக்கு மாத்துங்க.

நுனிய கிள்ளி கிள்ளி எடுத்தா பக்கத்துல கிளை வெடிச்சு அடர்த்தியா வரும், வேரோட புடுங்காதீங்க.

ஏற்கனவே அந்த வெளிநாட்டு செடி உங்க வீட்டுல இருந்தா புடுங்கி அப்படியே வாய்க்கால்லயோ காலி மனையிலயோ போட்டுறாதீங்க, ஒரே ஒரு கணு ஈரத்துல விழுந்தா போதும், அங்க வேர் பிடிச்சு பரவ ஆரம்பிச்சிரும், மாடியில நல்லா சருகா காய விட்டு அப்புறம் போடுங்க.