மஸ்காராவுக்கு ஆயுள் 3 மாதம்தான்

கிரீம் டப்பாவின் அடியில் மூடி திறந்த குட்டி டப்பா படம் இருக்கிறதா பாருங்கள். அதில் 12 என்ற எண்ணும் ‘எம்’ எழுத்தும் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். திறந்த தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிச்சயம் மறந்துபோகும்.

இமை முடிக்குப் பூசும் மையான மஸ்காராவில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். இமையைத் தொட்ட பிரஷ் ஒவ்வொரு முறையும் கிருமியோடு குழாய்க்குள் திரும்பிப் போகிறது. உள்ளே இருட்டும் ஈரமும். பாதி மிச்சமிருந்தாலும் சரி, 3 மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள். காய்ந்துவிட்டதே என்று தண்ணீரோ எச்சிலோ விடவே கூடாது. கண்ணில் தொற்று வந்திருந்தால், அப்போது பூசியதை மறுபடி தொடாதீர்கள்.

பவுடர் வகைகளில் ஈரம் இல்லை, அதனால் நீண்ட நாள் தாங்கும். முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் பழுப்பு நிறமாகிவிட்டால் அதன் வீரியம் குறைந்துவிட்டது. சன்ஸ்கிரீனை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். குளியலறை அலமாரியும் வேண்டாம், அங்கே சூடும் நீராவியும் அதிகம். படுக்கையறை மேசை டிராயரே போதும். அப்புறம், டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான சின்னக் கரண்டியால் எடுங்கள்.