முன்பக்க ஆயில் சீல் மாற்றிய என் அனுபவம்

என் டீசல் வேனில், எஞ்சினின் முன்னால் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஆயில் கசிந்து பெல்ட் வரை தெறித்திருந்தது. புல்லர் என்ற இழுப்புக் கருவியைப் போட்டுப் புல்லியை இழுத்ததும், எஞ்சினின் முன்மூடியான டைமிங் கவரில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) தெரிந்தது, ரப்பர் இறுகிப்போயிருந்தது.

அதை நெம்பி எடுப்பது எளிது. பார்க்க வேண்டியது சீலுக்குள் சுழலும் புல்லியின் கழுத்தை. பழைய சீல் உரசி உரசி அங்கே பள்ளம் விழுந்திருந்தது, நகம் மாட்டுகிற அளவுக்கு. அதன் மேலேயே புது சீல் உட்கார்ந்தால் மறுபடியும் ஒழுகும். இதற்கென்றே மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது, அதை ஏற்றினேன். ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க, சீலின் உள்விளிம்பான உதட்டில் ஆயில் தடவி, சீல் அளவுக் குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டினேன்.

அப்புறம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் சுத்தம் செய்தேன். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயில் வெளியே வரும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை என்பதுதான் வருத்தம். இப்போது கவர் காய்ந்தே இருக்கிறது.