ராட்சத இயந்திரம் தெருவில் கால் வைக்கும் 6 விநாடி: பழைய ஜப்பானிய முறையில் கையால் வரைவது எப்படி?

1969-இல் தோயே டோகா என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனம் வெளியிட்ட 'பறக்கும் பேய்க்கப்பல்' ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும் படம். இயக்கியவர் ஹிரோஷி இகேதா, மூலக்கதை ஷோதாரோ இஷினோமோரியின் காமிக்ஸ், மூலச்சித்திரம், அதாவது அசைவின் முக்கிய நிலைப் படங்கள், வரைந்தவர்களில் பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற இளவயது ஹயாவோ மியாசாகியும் ஒருவர். நகரத்துக்குள் ராட்சத ரோபோ புகுந்து துவம்சம் செய்யும் காட்சி அதில் உண்டு. அந்த மாதிரி ஒரு ஷாட்டை வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ரோபோவின் ஆணி, திருகு, தகடு என்று நுணுக்கமாக வரைவதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் தகர டப்பா நடப்பது போல இருக்கும். கனம் கோட்டில் வருவதில்லை. எத்தனை ஃப்ரேமில் கால் இறங்குகிறது, இறங்கியபின் சுற்றியிருப்பவை என்ன ஆகின்றன என்பதில்தான் வருகிறது. அதனால் இங்கே முழு ரோபோவையும் வரையப் போவதில்லை. ஒரு பாதம் போதும்.

ஷாட் இதுதான்: ஒரு தெரு, குளிர்பான விளம்பரப் பலகை, அதன் கீழே பாட்டிலோடு ஒருவர். மேலிருந்து ராட்சதப் பாதம் இறங்குகிறது, பிறகு எழுந்து போய்விடுகிறது. அவர் குடிப்பதைத் தொடர்கிறார்.

முதலில் கணக்கு

சினிமாவுக்கு விநாடிக்கு 24 ஃப்ரேம். எந்தப் படம் எந்த ஃப்ரேமில் வரும் என்று குறிக்கும் ஜப்பானிய டைம்ஷீட் ஒரு தாளில் 6 விநாடி, அதாவது 144 ஃப்ரேம் கொள்ளும். நம் ஷாட்டும் சரியாக ஒரு தாள். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம், மூன்றுக்கு நிறுத்தினால் 8. ஜப்பானியர் மூன்றில் வரைந்தே பழகியவர்கள். தொலைக்காட்சித் தொடர்களின் அவசரத்தில் நிலைபெற்ற வழக்கம் அது. ஆனால் எல்லாவற்றையும் மூன்றில் வரைய முடியாது. எதை எதில் வரைவது என்று தெரிவதுதான் பாதி வேலை.

சாதாரண மனிதர் ஓர் எட்டு எடுத்துவைக்க 12 ஃப்ரேம். இயந்திரத்தின் உயரம் 20 மீட்டர் என்று வையுங்கள். மனிதரைவிட ஏறக்குறைய 11.8 மடங்கு. உயரம் எத்தனை மடங்கோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு நடை மெதுவாகும், 11.8-இன் வர்க்கமூலம் 3.4. பன்னிரண்டை அதால் பெருக்கினால் ஓர் எட்டுக்கு 41 ஃப்ரேம். இதற்குக் குறைத்தால் பொம்மை போலத் தெரியும். ரொம்பக் கூட்டினால் தண்ணீருக்குள் நடப்பது போலத் தெரியும்.

இனி டைம்ஷீட்டில் அடி விழும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள்: 19, 60, 101, 142. கண்ணுக்குத் தெரியும் அடி 60-இல் விழுவது மட்டும்தான். மற்ற மூன்றும் சட்டகத்துக்கு வெளியே விழுகின்றன, அதிர்வாக மட்டுமே தெரியும். 19-இல் பாட்டிலுக்குள் இருக்கும் பானம் லேசாகத் தளும்பட்டும், தெருவின் கம்பிகள் ஆடட்டும். வரப்போவது பெரிது என்று அந்தச் சின்ன அசைவு சொல்லிவிடும்.

தாள், துளை, சட்டகம்

70 அல்லது 80 கிராம் ஏ4 தாள் போதும். தடித்த தாளில் கீழ்ப்படம் தெரியாது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகராமல் பொருந்தத் தாளில் துளை வேண்டும். அனிமேஷன் துளைக்கருவி இல்லையென்றால் அலுவலகத்து இரட்டைத் துளைக்கருவி சரியாக வேலை செய்யும்: துளைகளுக்கு இடையே 80 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர். அதே இடைவெளியில் 6 மில்லிமீட்டர் மரக்குச்சி இரண்டைப் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாள்களை ஒவ்வொன்றாகத் துளையிடுங்கள், கத்தையாக வேண்டாம். கத்தையில் அடித்தாள் நகர்ந்துவிடும். அந்த அரை மில்லிமீட்டர் திரையில் நடுக்கமாகத் தெரியும்.

சட்டகம் 24 × 13.5 செ.மீ. பின்னணியை மட்டும் நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள். பின்னால் ஷாட்டை அதிரவைக்கும்போது ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காமலிருக்க இதுதான் வழி.

தொடுவானக் கோட்டைக் கீழே, சட்டகத்தின் கடைசி மூன்றிலொரு பங்கில் வையுங்கள். பாட்டில்காரரின் கண் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். பார்வையாளரும் தரையில் நிற்கிறார் என்ற உணர்வு அதில் வரும். தலைக்கு மேலிருந்து வருவது தானாகவே பெரிதாகிவிடும். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் வரைந்தால் எத்தனை பெரிய இயந்திரமும் சுருங்கிவிடும்.

பாதம் இறங்குவது

பாதத்துக்கு ஒரே படம் போதும், அதை அப்படியே நகர்த்தலாம். கணுக்கால் மடிப்புக்காக இன்னும் இரண்டு சேர்த்தால் அழகு. 41 முதல் 60 வரை 20 ஃப்ரேமில் 14 செ.மீ இறங்க வேண்டும். இதை ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்த்துங்கள். பெரிய பொருள் இரண்டிரண்டாக நகர்ந்தால் கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும்.

இறங்கும் இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. ஐந்தாவது ஃப்ரேமில் 0.9 செ.மீ, பத்தாவதில் 3.5, பதினைந்தாவதில் 7.9, இருபதாவதில் 14. கடைசி ஒரு ஃப்ரேமில் மட்டும் 1.4 செ.மீ தாவுகிறது. பழக்கதோஷத்தில் பலர் கடைசியில் மெல்ல நிறுத்துவார்கள். பாதம் பஞ்சில் இறங்கியது போல ஆகிவிடும். வேகம் உச்சத்தில் இருக்கும்போதே தரை வந்துவிட வேண்டும்.

61-இல் அதிர்வு. எல்லா லேயரையும் சேர்த்து இரண்டு ஃப்ரேம் 4 மில்லிமீட்டர் கீழே, இரண்டு ஃப்ரேம் 3 மேலே, அடுத்த இரண்டு 2 கீழே, அடுத்த இரண்டு 1 மேலே, பிறகு பழைய இடம். மொத்தம் எட்டே ஃப்ரேம். இதை நீட்டினால் நிலநடுக்கமாகிவிடும், அடியாக இருக்காது. பாட்டில்காரரை 62-இல் 3 மில்லிமீட்டர் தூக்கி 66-இல் இறக்குங்கள். தரை ஆடிய ஒரு ஃப்ரேம் கழித்து மனிதர் ஆடுவதில்தான் அவருக்கென்று ஓர் எடை வருகிறது.

பாதம் எழுவது 105 முதல் 124 வரை. இறங்கிய அளவுகளையே பின்னோக்கி ஓட்டிவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் முதல் ஃப்ரேமிலேயே 1.4 செ.மீ தாவி, பாதம் ஈயைப் போலப் பறந்துவிடும். எழும்போதும் மெதுவாகத் தொடங்க வேண்டும். அதே எண்களை மேல்நோக்கி அளந்துகொள்ளுங்கள். குதிகால் முதலில் கிளம்பட்டும்.

கண்ணாடியும் புழுதியும்

மூன்றாம் மாடி ஜன்னல் தரையிலிருந்து 8 மீட்டர் என்று கொள்வோம். அங்கிருந்து விழும் கண்ணாடி தரையைத் தொட 1.28 விநாடி, அதாவது 31 ஃப்ரேம். 62-இல் உடைந்தால் 93-இல் விழும். அடுத்த அடி 101-இல். நடுவே எட்டு ஃப்ரேம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. நான்காம் மாடியிலிருந்து, 12 மீட்டரிலிருந்து, விழவைத்தால் 38 ஃப்ரேம் ஆகி 100-இல் வந்து நிற்கும். அடுத்த அடியோடு மோதி இரண்டுமே எடுபடாமல் போகும். மாடியைக் குறைப்பது வரைவதைவிடச் சுலபம்.

கண்ணாடியை இரண்டிரண்டாக வரைந்தால் 16 படம். தாளில் 6 செ.மீ விழுகிறது என்றால் நான்காவது படத்தில் 0.4 செ.மீ, எட்டாவதில் 1.5, பன்னிரண்டாவதில் 3.4, பதினாறாவதில் 6. பெரிய துண்டு நான்கு, பொடி ஏழெட்டு போதும். ஒவ்வொரு துண்டும் சுழலட்டும். ஆனால் எல்லாம் ஒரே திசையில் சுழன்றால் காற்றாடி போலிருக்கும்.

புழுதிதான் பலரைக் கவிழ்க்கும் இடம். புகையைப் போல நேராக மேலே எழும்ப வரைந்துவிடுகிறார்கள். காலடியில் நசுங்கிய காற்று முதலில் தரையோடு பக்கவாட்டில் பாயும், சுவரில் மோதிய பிறகுதான் சுருண்டு மேலேறும். மூன்று மூன்றாக 16 படம், 61 முதல் 108 வரை. போகும் தூரத்தில் முக்கால் பங்கை முதல் நான்கு படங்களிலேயே கடந்துவிட வேண்டும்; மிச்சப் பன்னிரண்டும் தவழ்ந்து அடங்குவதற்கு. உருவம் பூசணிக்காய் போல உருண்டைகளாக, இரண்டே நிறத்தில். மங்கலான தூரிகைப் புகையைச் சேர்த்தால், ஒளிபுகும் தாளில் தீட்டிய பழைய செல் படத்தின் முகம் போய்விடும்.

நிறம், அடுக்கு

நிழல் எல்லையைக் கறுப்புப் பென்சிலில் வரையாமல் நீல நிறப் பென்சிலிலும், ஒளி எல்லையைச் சிவப்பிலும் வரைவது ஜப்பானிய வழக்கம். நிறம் தீட்டும்போது அந்தக் கோடுகள் மறைந்துவிட வேண்டும். 300 டிபிஐ-இல் ஸ்கேன் செய்யுங்கள். 200-இல் 24 செ.மீ அகலத்துக்கு 1890 பிக்சல்தான் கிடைக்கும், முழு எச்டி-க்குக் கொஞ்சம் குறையும். கோட்டில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியே கசியும், ஆகவே நிறம் ஊற்றுமுன் கோடுகளை மூடிவிடுங்கள். வெள்ளையை நீக்க, மேல்படத்தின் வெள்ளையில் கீழ்ப்படம் தெரியவைக்கும் மல்டிப்ளை முறையை மட்டும் நம்பினால் மனிதரின் சட்டைக்குள் சுவர் தெரியும். உருவத்துக்குள் ஒளி புகாத நிறம் கட்டாயம்.

அடுக்கு வரிசை: பின்னணி, பாதம், கண்ணாடி, புழுதி, மனிதர், முன்னால் ஒரு கம்பம். கணினியை விட்டுவிட்டு உண்மையான ஒளிபுகும் தாளில் தீட்டிப் படமெடுப்பவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு தாளும் கீழே இருப்பதைக் கொஞ்சம் மங்கவைக்கும். புழுதித் தாளை 109-இல் எடுத்தால் தெரு முழுவதும் சட்டென்று வெளிச்சமாகிவிடும். அங்கே ஒரு வெற்றுத் தாளைப் போட்டு எண்ணிக்கையை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். இரண்டு விளக்கு, பக்கத்துக்கு ஒன்று, 45 பாகையில்; மலிவான எல்இடி மினுக்கினால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும்.

எண்ணிப் பார்த்தால் மனிதருக்கு 9, பாதத்துக்கு 3, கண்ணாடிக்கு 16, புழுதிக்கு 16, கம்பிக்கு 2: மொத்தம் 46 படம். 144 ஃப்ரேமுக்கு இது கஞ்சத்தனமே. ஆனால் திரையில் தெரியாது.

கிண்டல் எங்கே உட்காரும்

'பறக்கும் பேய்க்கப்பல்' படத்தில் போவா ஜூஸ் என்ற குளிர்பானம் முதலில் வெறும் விளம்பரமாகத்தான் வந்து போகும். யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள்; அது எதற்கு என்பது பின்னால்தான் உறைக்கும். நம் பலகையும் அப்படியே பின்னணியில் கிடக்கட்டும். மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். படிக்க 48 ஃப்ரேமாவது வேண்டும். பாதம் நுழையும் 41-க்குள் படித்து முடிக்கும்படி இரண்டு சொல்லாக்கினால் இன்னும் நல்லது. பலகை மனிதரின் தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும், கண் தானாக அங்கே போகும்.

மனிதர் பாதத்தை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. 70-இல் பாட்டிலைப் பார்க்கிறார், சிந்திவிட்டதா என்று. 110-இல் மறுபடி வாய்க்குக் கொண்டுபோகிறார். பாட்டிலை இறக்கிய படங்களைத் திருப்பி வைத்தாலே போதும், கைக்கு அது பொருந்தும். பயந்த முகம் ஒன்று வரைந்தால்கூட ஷாட் வெறும் ராட்சதன் காட்சியாகிவிடும்.

142-இல் கடைசி அதிர்வு. பலகையின் விளக்கு 142-இல் அணைந்து 144-இல் திரும்ப எரியட்டும். ஒலி சேர்க்கும்போது அடியின் சத்தத்தைப் படத்துக்கு ஒரு ஃப்ரேம் பின்னால் வையுங்கள். முன்னால் விழுந்தால் சத்தம் தனியாக நிற்கும்.