பள்ளிப் பிள்ளைகளின் நொறுக்குத் தீனி: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துணவு ஆலோசனைக்கு வரும் புதுப் பெற்றோரிடம் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைப் பார்க்கிறேன். மிட்டாயும் சிப்ஸும் நல்லதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பள்ளி விட்டதும் பிஸ்கட்டும் பாலும்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. வீடு திரும்பும் நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்கு நல்ல பசி இருக்கும். அதை நாலு பிஸ்கட்டிலும் சர்க்கரை போட்ட பாலிலும் அடக்கிவிடுகிறோம். வீட்டுப்பாடம் எழுதும்போது கொறிக்க இன்னொரு கிண்ணம். இரவுச் சாப்பாட்டில் இரண்டே வாய். வெறும் வயிற்றோடு தூங்கக் கூடாதே என்று மறுபடி பால். காலையில் பசி இருக்காது, சாப்பிடாமலே பள்ளிக்குக் கிளம்பும்.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை இப்படித்தான் அழைத்து வந்தார்கள். பசிக்கு என்று டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். எடை வயதுக்குச் சரியாகவே இருந்தது, ஆனால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிகமாகக் குடித்தால் மற்ற உணவுக்கும் வயிற்றில் இடமிருக்காது. மருத்துவர் தந்த இரும்புச்சத்து மருந்து ஒரு பக்கம். நாங்கள் மாற்றியது நேரத்தை மட்டும்தான்: இரவுக்கு வைத்திருந்த முழுச் சாப்பாட்டை அவள் வீட்டுக்கு வந்ததுமே பரிமாறச் சொன்னோம், இரவில் கொஞ்சமாக ஏதாவது. கொஞ்ச நாளில் காலையில் அவளே பசிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.

இடைவிடாமல் கொறிப்பது பல்லுக்கும் கேடு. இனிப்போ மாவுப் பண்டமோ ஒவ்வொரு முறை வாயில் படும்போதும் அமிலம் உண்டாகிறது. அதை உமிழ்நீர் சரிசெய்ய அரை மணி நேரமாவது வேண்டும்.

ஜூஸைப் பழக்கணக்கில் சேர்ப்பது

உலகச் சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையையும், தனியாகச் சேர்க்கும் சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. இரண்டும் சேர்ந்து அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 1600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 40 கிராம். சர்க்கரையே சேர்க்காத 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றிலேயே ஏறக்குறைய பாதி வந்துவிடும். பழமாகவே கொடுங்கள்.

சாப்பாட்டோடு டீ

வேண்டாம். தாவர உணவின் இரும்புச்சத்தை உடல் சரியாக எடுத்துக்கொள்ள விடாது.

காய் தின்றால் சாக்லேட்

காய் தண்டனை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

தட்டைக் காலிசெய்யச் சொல்லி வற்புறுத்துவது

என்ன உணவு, எந்த நேரம் என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். ஆனால் எடை குறைந்தாலோ, உயரம் கூடாமல் நின்றாலோ, நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.